விளம்பரத்தில் ஒன்றரை நிமிடம், வாசலுக்குள் ஒரு நாள்

சென்ற பள்ளி விடுமுறையில் என் தங்கையின் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனேன். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து காலை ஏழரைக்கே கிளம்பிவிட்டோம். மூத்தவளுக்கு ஒன்பது வயது. அந்தப் பூங்காவின் விளம்பரத்தில் ரோலர் கோஸ்டர் ஒன்று தலைகீழாகச் சுழன்று இறங்கும். முன்வரிசையில் ஒரு சிறுமி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சிரிப்பாள். அந்த ஒரு காட்சிதான் மூன்று வாரமாக வீட்டில் பேச்சு. ஐம்பது நிமிடம் வரிசையில் நின்று, ரயில் மேடைக்கு ஏறும் படியை நெருங்கியபோது அங்கே ஒரு பலகை இருந்தது. அதில் சிவப்புக் கோடு. 140 சென்டிமீட்டர். கோட்டுக்கும் அவள் தலைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

அங்கிருந்த பணிப்பெண் முட்டி போட்டு அமர்ந்து, தம்பி தங்கையை அழைப்பதுபோல "அடிக்" என்று கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிட்டு வர வேண்டும் என்று மலாய் மொழியில் மெல்லச் சொன்னார். பிள்ளை அழவில்லை. திரும்பி வரும் வழியில் மட்டும், "மாமா, படத்தில் இருந்த பிள்ளை என்னைவிடச் சின்னப் பிள்ளைதானே?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு அந்த விளம்பரத்தை மறுபடி போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தச் சிறுமி அமர்ந்திருக்கிறாள். கேமரா கீழிருந்து பார்க்கிறது. அவள் உயரம் என்ன என்று எவராலும் சொல்ல முடியாது. விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளை அதை நம்பி ஐம்பது நிமிடம் நின்றாள். இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சில எளிய கருத்துகள் போதும். வேறு எந்தக் குடும்பமும் டிக்கெட் வாங்கும் முன்பே அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் கருத்தின் பெயர் எதிர்பார்ப்பு இடைவெளி. ரிச்சர்ட் ஆலிவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார். ஒரு சேவை நமக்குத் திருப்தி தருமா என்பது அதன் தரத்தை மட்டும் பொறுத்ததல்ல. என்ன எதிர்பார்த்துப் போனோம், என்ன கிடைத்தது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதையும் பொறுத்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் மழைக்கு ஒதுங்கிய ஒட்டுக்கடையில் தோசை மொறுமொறுவென்று கிடைத்தால் ஒரு வாரம் பேசுவோம். அதே தோசை, நாட்டிலேயே சிறந்தது என்று பலகை மாட்டிய கடையில் கிடைத்தால், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்போம். தோசையில் மாற்றமில்லை. நாம் மனத்தில் எடுத்துப்போன அளவுகோல் வேறு.

விளம்பரம் செய்பவருக்கு இங்கே ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. எதிர்பார்ப்பை உயர்த்தாமல் டிக்கெட் விற்காது. உயர்த்திய எதிர்பார்ப்போ வாசலைத் தாண்டியதும் அளவுகோலாக மாறி அவருக்கு எதிராகவே நிற்கும். பரசுராமன், ஜெய்தாமல், பெர்ரி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1985-இல் சேவைத் துறையின் இடைவெளிகளைப் பட்டியலிட்டபோது, வெளியே சொல்வதற்கும் உள்ளே கொடுப்பதற்கும் நடுவிலான இடைவெளியைத் தனியாகவே குறித்தார்கள். பெரிய நிறுவனங்களில் விளம்பரம் எடுக்கிறவர்கள் ஒரு பிரிவு. வெயிலில் நின்று வரிசையைச் சமாளிக்கிறவர்கள் வேறொரு பிரிவு. முதல் பிரிவு கொடுத்த வாக்குறுதிக்கு இரண்டாம் பிரிவு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முட்டி போட்டு அமர்ந்த அந்தப் பணிப்பெண் செய்தது அதைத்தான்.

என் அம்மாவின் தலைமுறையில் இந்த இடைவெளி இவ்வளவு பெரிதாக இருந்திருக்க வாய்ப்பில்லை. 1975-இல் கோம்பாக்கில் மிமாலாண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா திறந்தது. 1994-இல் மூடும் வரை, பெரிய நீச்சல் குளமும் டைனோசர் சிலைகளும் பார்க்கப் போய்வந்தவர்கள் வாய்மொழியாகச் சொன்னதுதான் மற்றவர்களுக்கு விளம்பரம். போய்வந்தவர் வெயிலையும் சொல்வார், கால் வலியையும் சொல்வார். எல்லாம் சேர்ந்தே காதில் விழும்.

வரிசையின் கணக்கு

விளம்பரத்தில் விடுபட்டுப் போகும் பொருள்களில் மிகப் பெரியது நேரம். ரோலர் கோஸ்டர் ஒன்றின் ஓட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பத்து விளையாட்டு ஏறினாலும் சேர்த்துப் பார்த்தால் அரை மணி நேரம். எட்டு மணி நேர நாளில் மீதி ஏழரை மணி நேரம் நடப்பது, நிற்பது, சாப்பிடுவது, கழிவறை தேடுவது. ஒன்றரை நிமிட விளம்பரம் அந்த அரை மணி நேரத்திலிருந்து மட்டுமே வெட்டி எடுத்துக் கோக்கப்படுகிறது.

ஏன் இவ்வளவு நிற்க வேண்டியிருக்கிறது? பூங்காத் துறையில் மணிநேரக் கொள்ளளவு என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு விளையாட்டு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியும் என்பதே அது. ஒரு ரயிலில் 24 இருக்கை என்று வைத்துக்கொள்வோம். ஆட்களை உட்காரவைத்து, பாதுகாப்புப் பிடியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ரயிலை அனுப்புகிறார்கள். மணிக்கு 30 முறை, 720 பேர். பூங்கா எட்டு மணி நேரம் திறந்திருந்தால் 5,760 பேர். பெருநாள் விடுமுறையில் உள்ளே 10,000 பேர் வந்திருந்தால், ரயில் ஒரு நொடி நிற்காமல் ஓடினாலும் 4,240 பேருக்கு அன்று ஒரு முறைகூட இடமில்லை. விளம்பரம் பார்த்த 10,000 பேரும் ஏறத்தான் வந்திருப்பார்கள்.

இந்த எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் முறை எல்லா இடத்துக்கும் ஒன்றுதான், நீங்களே வரிசையில் நின்றபடி போட்டுப் பார்க்கலாம். ஒரு ரயிலில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள், ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள், முன்னால் எத்தனை தலை என்று குத்துமதிப்பாகச் சொல்லுங்கள். மிச்சம் வெறும் வகுத்தல். கைப்பையைப் பெட்டகத்தில் வைக்க மறந்த ஒருவர், செருப்பைக் கழற்ற மறுக்கும் இன்னொருவர் என்று இரண்டு நிமிடம் மூன்று நிமிடமானாலே 720 என்பது 480 ஆகிவிடும். இரண்டு ரயில் ஓடும் இடத்தில் ஒன்றைப் பழுதுபார்க்க எடுத்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இதில் விரைவு அனுமதிச் சீட்டு வந்து சேர்கிறது. கூடுதல் பணம் கட்டியவர்களுக்குத் தனி வரிசை. அவர்கள் காலியாக இருந்த இருக்கையில் அமர்வதில்லை. பொது வரிசையின் இருக்கையில்தான் அமர்கிறார்கள். உங்களுக்கு முன்னால் 540 பேர் நின்றால், மணிக்கு 720 பேர் ஏறும் விளையாட்டில் முக்கால் மணி நேரக் காத்திருப்பு. இருக்கைகளில் பாதி விரைவு வரிசைக்குப் போனால் அதே இடத்தில் நீங்கள் ஒன்றரை மணி நேரம் நிற்பீர்கள். டிஸ்னி 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் முறையைத் தொடங்கியபோது அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அமெரிக்காவிலுள்ள அதன் பூங்காக்களில் 2021-இல் அந்த இடத்துக்குக் கட்டண முறை வந்தது. வணிகம் என்ற வகையில் எனக்கு இது புரிகிறது. ஆனால் சம்பளத்தில் மாதாமாதம் எடுத்துவைத்து ஆண்டுக்கு ஒரு முறை வரும் குடும்பத்தின் நேரத்தை எடுத்து இன்னொருவருக்கு விற்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. குறைந்தபட்சம், பொது டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

காத்திருப்பில் நிமிடக் கணக்கு பாதிதான். டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் இந்தத் துறையில் படிக்கப்படுகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பது தெரிந்து காத்திருப்பதைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் அப்படியே. சும்மா நிற்பது ஏதாவது செய்துகொண்டு நிற்பதைவிட நீளம் என்கிறார் அவர். அன்று நாங்கள் நின்ற இன்னொரு வரிசையில் இதைக் கண்ணால் பார்த்தேன். விளையாட்டு திடீரென்று நின்றுவிட்டது. இருபது நிமிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பின்னாலிருந்து தள்ளினார்கள், ஒரு குழந்தை வீறிட்டது, முன்னால் ஒருவர் சத்தம் போட்டார். பிறகு ஓர் இளைஞர் வந்து, மின்னல் எச்சரிக்கை, குறைந்தது அரை மணி நேரம் ஆகும் என்று அறிவித்தார். வரிசை அப்படியே தணிந்தது. பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் நின்ற அம்மா பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என் தங்கை பிள்ளைகளுக்கும் நீட்டினார். காத்திருப்பு குறையவில்லை, இன்னும் நீண்டிருந்தது. அதன் முடிவு தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கேமரா எங்கே நின்றது?

இப்போது படங்களுக்கு வருவோம். பூங்கா விளம்பரத்தில் கூட்டமே இருக்காது. பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் முன், அதிகாலை வெளிச்சத்தில், அழைத்து வந்த சிலரை வைத்து எடுப்பது வழக்கமான முறை. அகலக் கோண லென்ஸ் குளத்தை ஏரியாக்கும். தாழ்வாக வைத்த கேமரா சறுக்கை மலையாக்கும். கட்டடங்களிலேயே இந்த வித்தை இருக்கிறது. 1955-இல் திறந்த கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தின் கோட்டை சுமார் 23 மீட்டர் உயரம்தான்; மேலே போகப் போகக் கற்களின் அளவைச் சிறிதாக்கிக் கட்டியதால் நிமிர்ந்து பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரியும். இது கண்ணுக்கு விருந்து, இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நேரில் போய் நிமிர்ந்து பார்ப்பவருக்கும் அதே வியப்பு கிடைக்கிறதே.

குறை தொடங்குவது இன்னும் இல்லாத ஒன்றைப் படமாகக் காட்டும்போது. ஓவியர் வரைந்த படம் என்பது பூங்கா கட்டுமுன் வருகிற கற்பனை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெந்திங் மலையின் கதையை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய வெளிப்புறப் பூங்கா 2013-இல் மூடியது. அதே ஆண்டு ஹாலிவுட் நிறுவனமான ஃபாக்ஸின் பெயரில் புதிய பூங்கா அறிவிக்கப்பட்டது. 2016-இல் திறப்பதாகத் திட்டம். வேலை தள்ளிப்போய், 2018-இல் வழக்கு வரை சென்று, 2019-இல் சமரசமாகி, 2022 பிப்ரவரியில் கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற வேறு பெயரில் கதவு திறந்தது. முதல் அறிவிப்பைப் பார்த்த பத்து வயதுப் பிள்ளை, உள்ளே போகும்போது பத்தொன்பது வயதை நெருங்கியிருக்கும்.

கற்பனைப் படத்தின் கடைசி எல்லை எது என்பதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் 2024 பிப்ரவரியில் காட்டியது. சாக்லேட் உலகம் என்று விளம்பரப்படுத்திய நிகழ்ச்சி ஒன்றுக்குச் செயற்கை நுண்ணறிவு வரைந்த வண்ணமயமான படங்களைப் போட்டிருந்தார்கள். டிக்கெட் 35 பவுண்டு வரை. பிள்ளைகளோடு போனவர்கள் கண்டது, இங்கொன்றும் அங்கொன்றுமாக அலங்காரம் வைத்த ஒரு கிடங்கு. காவல்துறை வர வேண்டியிருந்தது. முதல் நாளே நிகழ்ச்சி மூடப்பட்டது. இனி வரும் விளம்பரங்களில் இது புகைப்படமா, வரைந்த படமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். படத்தில் இருப்பவர்களின் விரல் எண்ணிக்கையும் பலகையில் இருக்கும் எழுத்தும் தப்பாக இருந்து சில நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு மழை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்குப் பிற்பகல் இடிமழை புதிதல்ல. மின்னல் வந்தால் வெளியே இருக்கும் உயரமான விளையாட்டுகளை நிறுத்தித்தான் ஆக வேண்டும், நிறுத்துவதே சரி. கெந்திங்கில் மூடுபனி இறங்கினால் மலை முழுவதும் வெள்ளைத் துணிக்குள் போய்விடும். விளம்பரத்தில் மட்டும் என்றும் நீல வானம். டிக்கெட்டின் நிபந்தனைகளில் மழைக்குப் பணம் திரும்பாது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். சன்வே லகூன் பூங்கா பழைய ஈயலம்பத்தின், அதாவது ஈயச் சுரங்கத்தின், பள்ளத்தில் அமைந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் அது பச்சைக் கிண்ணம் போல அழகாகத் தெரியும். அறுபது வயதுப் பாட்டியைக் கூட்டிப்போகிறவர்கள் கிண்ணம் என்றால் இறக்கமும் ஏற்றமும் உண்டு என்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு வகை வாக்கியம்

விளம்பர வாசகங்களைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பினாங்கு தெலுக் பஹாங்கில் இருக்கும் எஸ்கேப் பூங்கா, மிதவை வளையத்தில் அமர்ந்து இறங்கும் தன் நீர்ச்சறுக்கு 1,111 மீட்டர் நீளம் என்று சொல்கிறது. 2019-இல் திறந்த அந்தச் சறுக்கை அவ்வகையில் உலகிலேயே நீளமானதாக கின்னஸ் பதிவு செய்தது. இது அளந்து பார்க்கக்கூடிய கூற்று. உண்மையா இல்லையா என்று கேட்கலாம். மறக்க முடியாத மகிழ்ச்சி, வாழ்நாள் அனுபவம் என்பவை வேறு வகை. அவை புகழ்ச்சி. எந்த நாடாவாலும் அளக்க முடியாது, எந்த நீதிமன்றமும் அதை எளிதில் பொய் என்று சொல்லாது. ஒரு விளம்பரத்தைக் கையில் எடுத்து, புகழ்ச்சியை எல்லாம் அடித்துவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் இரண்டே வரி மிஞ்சும்.

கூற்றாக இருந்து அது தவறாகவும் இருந்தால் மலேசியச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 10-ஆவது பிரிவில் தவறான அல்லது திசைதிருப்பும் கூற்றுகளையும், 12-ஆவது பிரிவில் விலையைப் பற்றித் தவறான எண்ணம் தருவதையும் தடை செய்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே பதிவு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். இதற்கு ஆதாரம் வேண்டும். எனவே டிக்கெட் வாங்கும் நாளில் அந்த விளம்பரப் பக்கத்தைத் தேதியோடு கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பூங்கா மாற்றினாலும் உங்களிடம் இருக்கும்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய எழுத்தில் போடும் விலை பெரும்பாலும் மைகாட் என்ற மலேசிய அடையாள அட்டை வைத்திருப்பவருக்கு, வாரநாளில், இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் என்ற மூன்று நிபந்தனையும் சேர்ந்தது. அதன்மேல் கார் நிறுத்தம், பெட்டகம், நீச்சல் உடை, உள்ளே விற்கும் சாப்பாடு. நான்கு பேருக்கு எல்லாவற்றையும் கூட்டி வைத்துக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

நாமும் விளம்பரம் எடுக்கிறோம்

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். அன்று மாலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஏழு படம் போட்டேன். ஏழிலும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிவப்புக் கோட்டுப் பலகை எந்தப் படத்திலும் இல்லை. கிள்ளானிலிருந்து அண்ணி அழைத்து, எங்கள் பிள்ளைகளையும் கூட்டிப்போக வேண்டும், டிக்கெட் எவ்வளவு என்று விசாரித்தார்.

மனித நினைவு இதற்குத் துணை போகிறது. டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கையை 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் வைத்திருப்பது முதல் முறை. அதே ஒரு நிமிடத்தோடு மேலும் அரை நிமிடம் வைத்திருந்து, அந்த அரை நிமிடத்தில் நீரை மெல்ல 15 டிகிரிக்கு உயர்த்துவது இரண்டாம் முறை. மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் நீளமான இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். எவ்வளவு நேரம் என்பதை நினைவு பெரிதாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. உச்சத்தையும் முடிவையும் வைத்தே தீர்ப்புச் சொல்கிறது. பல பூங்காக்கள் வாணவேடிக்கையையும் ஊர்வலத்தையும் மூடும் நேரத்தில் வைப்பதும், சறுக்கு வீழும் அந்த ஒரு நொடியில் கேமராவைப் பொருத்தியிருப்பதும் இதோடு அழகாகப் பொருந்திப் போகின்றன. வீட்டுக்கு வருவது உச்சமும் முடிவும். அதைத்தான் நாமும் பகிர்கிறோம். அடுத்த குடும்பம் அதைப் பார்த்துத் தன் எதிர்பார்ப்பைக் கட்டுகிறது.

அண்ணியிடம் நான் அன்றே திருப்பி அழைத்துப் பேசினேன். எந்த விளையாட்டுக்கு எவ்வளவு நேரம் நின்றோம், எங்கே நிழல் இல்லை, எது அன்று பழுதாகிக் கிடந்தது, தண்ணீர்ப் புட்டி என்ன விலை, கதவு திறந்தவுடன் எதற்கு முதலில் ஓட வேண்டும், எந்த விளையாட்டுக்கு எவ்வளவு உயரம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். உயர விவரம் பூங்காவின் இணையப் பக்கத்தில், பாதுகாப்பு விதிகள் என்ற தலைப்பின் கீழ், நான்கு சொடுக்குத் தள்ளி இருந்தது. கடைசிப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு ஆண்டு போகட்டும் என்று அண்ணி முடிவு செய்தார். மூத்த இருவரையும் அழைத்துக்கொண்டு, பள்ளிக்கு மாற்று விடுமுறை கிடைத்த ஒரு வாரநாளில் போய்வந்தார்கள். பெரிய கோஸ்டரில் இரண்டு முறை ஏறினார்களாம்.

செந்தூல் வீட்டில் சமையலறைக் கதவு நிலையில் இப்போது பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறோம். மேலே இருப்பது 140. கீழே இருப்பதற்கு நேரே தேதி எழுதியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அளந்தபோது இன்னும் மூன்று சென்டிமீட்டர் பாக்கி.